வெய்யில் நகரில் இரண்டு நாள்

வேற்றூர் காணச் செல்வோர் அவ்வூரின் வரலாற்றைப் படித்துக்கொண்டு செல்வதுண்டு. அவ்வூரின் வெய்யிலைப் படித்துக்கொண்டு செல்வோர் மிகச் சிலரே. ஸ்பெயின் நாட்டின் தென்பால், குவாதல்கிவீர் ஆற்றங்கரையில் அமைந்த செவில் நகரம் இவ்வுண்மையை ஆண்டுதோறும் பலருக்குக் கற்பித்து வருகின்றது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே பகல் வெப்பத்தின் உச்சம் சராசரியாக 36 பாகை சென்ரிகிறேட் அளவில் நிற்கும். 40 பாகையைத் தாண்டும் நாள்களும் அரியனவல்ல. புயல்களுக்குப் பெயரிடுவது போல வெப்ப அலைகளுக்கும் பெயரிடும் வழக்கத்தை அந்நகரம் 2022ஆம் ஆண்டில் மேற்கொண்டது. அவ்வாண்டு ஜூலையில் வந்த அலைக்கு 'ஸோயி' என்று பெயர் வைத்தனர். பெயரிட்டு எச்சரிக்கவேண்டிய பகைவனாக வெய்யில் அங்கே கருதப்படுகின்றது.

குளிர் நாடாகிய ஒல்லாந்திலிருந்து ஒரு தம்பதியர் இத்தகைய ஜூலை மாதமொன்றில் செவிலுக்குச் சென்றனர். கணவர் ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்; அறுபத்தெட்டு வயதினர். மனைவியோ அவரினும் மூன்றாண்டு இளையவர். அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே நாள்கள். காணவேண்டிய இடங்களையெல்லாம் கணவர் மணிக்கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

முதல்நாட் காலை பேராலயத்தில் நன்கு கழிந்தது. மூர் மக்கள் கட்டிய பெரும் பள்ளிவாசல் நின்ற இடத்திலே, 1401ஆம் ஆண்டில் முடிவுசெய்து எழுப்பப்பட்ட ஆலயம் அது. பள்ளிவாசலின் தோடைமர முற்றமும், 1198ஆம் ஆண்டில் நிறைவெய்திய அதன் கோபுரமும் இன்றும் நிலைத்துள்ளன. கிரால்டா எனப்படும் அக்கோபுரத்தினுள்ளே படிகளுக்குப் பதிலாக 35 சாய்தளங்கள் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. குதிரைமீதமர்ந்தே ஏறிச்செல்ல இயலும் வகையில் அமைத்தனர் என்பர். கொலம்பசின் கல்லறைப் பேழையை நான்கு உருவங்கள் தோளிலே தாங்கி நிற்பதையும் அவர்கள் கண்டனர். 1898ஆம் ஆண்டுப் போரிலே கியூபாவை ஸ்பெயின் இழந்தபின், அங்கிருந்து கொணரப்பட்ட எச்சங்கள் அவை.

நண்பகலில் இருவரும் விடுதிக்கு மீண்டு உணவருந்தி இளைப்பாறினர். இதுவரை பிழையொன்றுமில்லை. பிழை நான்கு மணிக்கு நேர்ந்தது. "உச்சி வெய்யில் கழிந்துவிட்டது, இனித் தணியும், புறப்படு" என்றார் கணவர். "சற்றுப் பொறுத்துப் போகலாமே" என்று மனைவி கூறியதை அவர் ஏற்கவில்லை.

தம்முடைய ஊர்க் கணக்கை அவர் அங்கும் கொண்டுசென்றிருந்தார். செவில் நகரம் கிறீனிச்சுக்கு மேற்கே இருப்பினும், அதன் கடிகாரங்கள் மத்திய ஐரோப்பிய நேரத்தையே காட்டுகின்றன. கோடையில் மேலும் ஒரு மணி முன்தள்ளப்படுவதால், சூரியன் அங்கே உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய இரண்டரை மணியைக் காட்டும். நிலமும் கல்லும் சூடேறிக் காற்றைக் கொதிக்கச் செய்வதற்கு மேலும் சில மணி நேரம் செல்லும். ஆகவே, மாலை ஐந்து, ஆறு மணிப்பொழுதே அந்நகரின் மிகக் கொடிய வேளையாகும்.

அவ்வேளையில் அவர்கள் ஸ்பானிய சதுக்கத்தை அடைந்தனர். 1929ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக அனிபல் கொன்சாலெஸ் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த அரைவட்ட மாளிகை அது. அதன் முன்றிலோ பரந்த வெளி, நிழலற்றது. நடுவிலே செல்லும்போது கணவரின் நடை தளர்ந்தது. தலை வலிக்கின்றது என்றார். பின்னர்ச் சொற்கள் தடுமாறின.

காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை மிஞ்சும்போது, வியர்வை உலர்வதொன்றே உடலைக் குளிர்விக்கும் வழியாகின்றது. உலர்ந்த காற்றில் வியர்வை உடனுக்குடன் மறைந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதை மனிதன் உணர்வதில்லை. முதியோருக்குத் தாகமும் காலந்தாழ்த்தியே தோன்றும்.

மனைவி கலங்கவில்லை. கணவரைத் தாங்கி மாளிகைத் தாழ்வாரத்தின் நிழலுக்கு அழைத்துச் சென்றார், சட்டையைத் தளர்த்தினார், துணியை நீரில் நனைத்துக் கழுத்திலும் நெற்றியிலும் ஒற்றி, தொப்பியால் விசிறினார், நீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் முகம் தெளிந்தது. தெளிவு வராது மயக்கம் மிகுமாயின், ஒரு கணமும் தாமதியாது மருத்துவ உதவியை நாடவேண்டும் என்பதையும் அந்த அம்மையார் அறிந்திருந்தார்.

மறுநாளைய தாளில் இத்தாலிக்கா இருந்தது. நகருக்கு அண்மையில், கி.மு. 206இல் உரோமர் நிறுவிய குடியிருப்பு; திராயன் பேரரசன் பிறந்த மண். முப்பதாண்டுகள் மாணவருக்குக் கற்பித்த அவ்விடத்தைக் கண்ணாற் காணவேண்டுமென்பது ஆசிரியரின் நெடுநாள் ஆசை. ஆனால், அது திறந்த வெளியில் கிடக்கும் இடிபாடு. அன்றிரவு அவரே தாளை எடுத்து அவ்வரியைக் கோடிட்டு அடித்தார். மனைவி ஒன்றும் கூறவில்லை. அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

இரண்டாம் நாள் அவர்கள் செவிலை அதன் போக்கிலேயே கண்டனர். காலையில் அல்காசார் அரண்மனை. 1364ஆம் ஆண்டில் பெத்ரோ மன்னன் அங்கே எழுப்பத் தொடங்கிய மாளிகையில் மூர்க் கலைஞரின் கைவண்ணம் விளங்குகின்றது. தடித்த சுவர்கள், நடுமுற்றங்கள், தரையோடு ஒட்டி ஓடும் நீர், மரநிழல் ஆகிய யாவும் அழகுக்காக மட்டும் அமைந்தனவல்ல. வெய்யிலை வெல்லும் கருவிகளும் அவையே. சாந்தா குரூஸ் பகுதியின் ஒடுங்கிய தெருக்களில் வீடுகள் ஒன்றுக்கொன்று நிழலிட்டு நிற்பதையும், கடைத்தெருக்களின் மேலே துணிப் பந்தர் கட்டியிருப்பதையும் கண்டனர். நண்பகலுக்குப் பின் ஊரார் கதவடைத்து உறங்கும்போது தாமும் உறங்கினர். இரவு ஒன்பது மணிக்குமேல் மக்கள் தெருவுக்கு வந்தபோது தாமும் வந்து, பாலம் கடந்து திரியானாப் பகுதிக்குச் சென்று ஆற்றங்காற்றில் உலாவினர்.

பகலுறக்கத்தைச் சோம்பல் என்று குளிர்நாட்டார் பழிப்பதுண்டு. உண்மையில் அது, பல நூற்றாண்டுகள் வெய்யிலோடு வாழ்ந்த மக்கள் கண்ட ஒழுங்கு. மாளிகைகளையும் கோபுரங்களையும் போலவே அவ்வொழுங்கும் அந்நகரின் தொன்மைச் செல்வமாகும். அதனைப் பொருட்படுத்தாதவர் அந்நகரைக் கண்டவராகார். முதுமையில் இணைந்து பயணம் செய்வோர்க்கு இன்னுமொன்று கூறலாம்: எத்தனை இடங்களைக் கண்டோம் என்பது சிறிய கணக்கு, இருவரும் நலமே மீண்டோமா என்பதே பெரிய கணக்கு. காணாது விட்ட இடம் அங்கேயே இருக்கும்.