பிரிவும் கடனும்



கணவனும் மனைவியும் வழக்காடாமல் ஒருமனப்பட்டுப் பிரிவதற்குச் சட்டம் காட்டும் வழி யாது? அப்போது குடும்பக் கடன் என்னவாகும்? இவ்விரண்டையும் இன்று நோக்குவோம்.

1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இவ்வழி தொடக்கமுதலே இருந்தது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலோ 1976-இல் செய்த திருத்தத்தால்தான் வந்தது. ஓராண்டேனும் தனித்து வாழ்ந்த இருவரும், இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று கூட்டாக மனுச் செய்தல் வேண்டும். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்திற்குள், மீண்டும் வந்து அதனை வலியுறுத்த வேண்டும். சினம் தணிந்து மனம் மாறுவதற்கே இவ்விடைவெளி. சேர்ந்து வாழும் வாய்ப்பு அறவே இல்லாத தக்க வழக்குகளில் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் விலக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

இனிக் கடனுக்கு வருவோம். மணம் முறிந்தாலும் கடன் முறியாது. பொதுவாக, கையொப்பமிட்டவரையே கடன் கட்டும். இருவர் கூட்டாக ஒப்பமிட்டிருந்தால், கடன் கொடுத்தவர் எவர் ஒருவரிடமும் முழுத்தொகையையும் கேட்கலாம். இது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் விதி. முழுதும் செலுத்தியவர் மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டுப் பெறலாம்.

பொம்மிடியில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. தமிழகத்தின் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989-இல் நம் தர்மபுரி மாவட்டத்திலேதான் தொடங்கிற்று. குழுக்கடனை மனைவி தன் பெயரில் பெறுகிறாள். கணவன் அதில் கறவை மாடு வாங்குகிறான் என்று கொள்வோம். பிரியும்போது மாடு அவன் தொழுவத்தில் நிற்கும். தவணை அவள் பெயரில் நிற்கும். “நான் கட்டிவிடுகிறேன்” என்ற அவன் வாய்ச்சொல் குழுவையோ வங்கியையோ கட்டுப்படுத்தாது.

ஆகவே, மனுச் செய்வதற்கு முன்பே ஒவ்வொரு கடனையும் எழுதுக: கொடுத்தவர் யார், தொகை எவ்வளவு, யார் பெயரில் உள்ளது, அடகு என்ன. அடகிலுள்ள நகை மனைவியின் சீதனமாயின் அது அவளுக்கே உரியது. அதனை மீட்பவர் யார் என்றும் குறித்தல் வேண்டும். இந்த உடன்பாட்டை மனுவிலேயே சேர்ப்பது நன்று. இயன்றால் கடனை அடைத்து இரசீது பெறுக. இயலாதெனில், ஒருவரை விடுவிப்பதற்குக் கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் பெறுக.

இளைஞர்களே, உங்களுள் பலர் நாளை மணம் புரிவீர்கள், கடனும் வாங்குவீர்கள். அன்பின் பொருட்டு இடும் கையொப்பமும் கையொப்பமே. படித்துப் பார்த்து இடுங்கள்.