முந்நூற்று நான்கில் எத்தனை பத்து?

நேயர்கள் கையில் ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது. வானொலியில் கரும்பலகை கிடையாது.

ஆனாலும் வானொலியிலேயே கணக்குச் சொல்லிக்கொடுத்த நாடு ஒன்று உண்டு. 1970-களில் மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு அப்படிப் பாடம் நடந்தது. அந்தத் திட்டத்தையொட்டித் திரட்டிய கழித்தல் விடைத்தாள்கள், சுமார் 1,300 குழந்தைகளுடையவை, ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. 1978-இல் அவர்கள் எழுதிய கட்டுரை ஆசிரியர்களைச் சற்று உலுக்கியது. பல தவறுகள் கவனக்குறைவால் வந்தவை அல்ல. குழந்தை தானே ஒரு விதியை உண்டாக்கி அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தையைப் பார்க்கலாம். இரண்டிலிருந்து ஏழு போகாது. சரி, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது. "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று முதல் வகுப்பில் சொன்னவர்கள் யார்? நாம்தான்.

இதைவிடச் சுவையான தவறு 304-இலிருந்து 158-ஐக் கழிக்கும்போது வரும். நான்கில் எட்டு போகாது, பக்கத்தில் சுழி. குழந்தை நான்கைப் பதினான்காக்கி, சுழியை அடித்து 9 என்று எழுதும். நூற்றின் இடத்திலுள்ள 3-ஐத் தொடாது. விடை 246. சரியான விடை 146. எங்கிருந்தோ ஒரு நூறு இலவசமாக வந்துவிட்டது!

கழிக்கும்போது பக்கத்து இடத்தில் "கடன்" வாங்குவதாக நாம் சொல்லும் சொல்லும் இதற்கு ஒரு காரணம். பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கினால் அது நம் வீட்டுக்கு வரும்போது எப்படிப் பத்தாகும்? வாங்கியதை யாரும் திருப்பித் தருவதுமில்லை. நம் பாடநூல் சொல்லும் "இனமாற்றம்" சரியான சொல்தான், ஆனால் எட்டு வயதுக்குச் சற்றுக் கனமானது. சில்லறை மாற்றுவது என்றால் பெட்டிக்கடைக்குப் போய்வரும் பிள்ளைக்கு உடனே புரியும்.

சீனாவில் ஆசிரியராக இருந்து அமெரிக்கா சென்ற லிப்பிங் மா, 1999-இல் வந்த தம் நூலுக்காக இரு நாட்டு ஆசிரியர்களிடமும் இந்தக் கழித்தல் பாடத்தை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டார். அமெரிக்கர்களில் 83 விழுக்காட்டினர் செய்முறையோடு நின்றார்கள். சீனர்களில் 14 விழுக்காட்டினர்தான் அப்படி. மற்ற சீன ஆசிரியர்களில் பலர், மேலிடத்து அலகு ஒன்றை உடைப்பதாக விளக்கினார்கள்.

உடைப்பதைக் கண்ணால் காட்ட ஈர்க்குச்சியை மிஞ்சியது இல்லை. பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் வளையம். பத்துக் கட்டுக்கு ஒரு பெரிய கட்டு. ரப்பரை அவிழ்த்தால் பத்தும் உதிரும், ஏமாற்று ஏதுமில்லை. பத்து ரூபாய்த் தாளுக்குள் பத்து நாணயங்கள் தெரிவதில்லை. ஆணிமணிச் சட்டத்திலும் பத்தின் மணி ஒன்றின் மணியைப் போலவேதான் இருக்கும். இடம் மட்டும் வேறு. எனவே குச்சிக்கு அடுத்துதான் மணி வரவேண்டும். பல வகுப்புகளில் குச்சிக் கட்டு ஒரே நாளில் அலமாரிக்குத் திரும்பிவிடுவதுதான் குறை.

இனி அந்தச் சுழிக்கு வருவோம். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் தனிக்குறிகள் இருந்தன. முந்நூற்று நான்கை ௩௱௪ என்று எழுதினார்கள். சுழிக்கு வேலையே இல்லை. நாம் வாயால் சொல்லும்போதும் பத்து என்ற பேச்சு எழுவதில்லை. 304 என்று எழுதும்போதுதான் நடுவில் ஒரு சுழி உட்கார்ந்து, பத்தே இல்லை என்று குழந்தையை நம்பவைக்கிறது.

இப்போது தாளில் 304 என்று எழுதி, கடைசி நான்கை விரலால் மறைக்க வேண்டும். தெரிவது 30. அத்தனை பத்துகள் உள்ளே இருக்கின்றன. அதில் ஒரு பத்தை உடைத்தால் மீதி 29, உதிரி 14. இனி 158-ஐக் கழிப்போம். பதினான்கில் எட்டுப் போக ஆறு. இருபத்தொன்பது பத்துகளில் பதினைந்து போக பதினான்கு. 146.