காய்ச்சல் பார்க்கும் கருவியும் அதற்குள் இருக்கும் பாதரசமும்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைக்கு உடம்பு சுட்டா நாம என்ன செய்யறோம்? நெத்தியில புறங்கையை வச்சுப் பாக்கறோம். ஆனா அடுப்படியில இருந்து வந்த கை ஒண்ணு சொல்லும், தண்ணியில நனைஞ்ச கை வேறொண்ணு சொல்லும். அதனால்தான் தெர்மாமீட்டர் வேண்டும் என்கிறோம்.

சூடு பட்டால் பாதரசம் விரியும். கண்ணாடித் தெர்மாமீட்டரின் முனையில் உள்ள பாதரசம், தலைமுடி போன்ற மெல்லிய துளை வழியாக மேலே ஏறும். முனைக்குச் சற்று மேலே துளை இன்னும் குறுகலாக இருப்பதால், வாயிலிருந்து எடுத்த பிறகும் அது தானாக இறங்காது. நர்சம்மா உதறிவிட்டு வைப்பது அதற்காகத்தான்.

பாதரசம் கண்ணாடியில் ஒட்டாது, சீராக விரியும். ஆனால் அது விஷம். உடைந்தால் வெள்ளி மணி போல உருளும். பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். அதன் ஆவிக்கு வாசனை கிடையாது. மூளை, நரம்பு, சிறுநீரகம், வயிற்றில் வளரும் சிசு எல்லாவற்றையும் பாதிக்கும். நம்ம கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது. பாதரசத் தெர்மாமீட்டர் தயாரிப்பை நிறுத்தச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-ல் சேர்ந்தது.

வீட்டில் பழசு உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்புங்க. ஜன்னலைத் திறங்க, ஃபேனை நிறுத்துங்க. விளக்குமாறு வேண்டாம், மணிகள் இன்னும் சிதறும். மோதிரம், வளையலைக் கழற்றிடுங்க. பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கையில் தொடாமல் இரண்டு கெட்டி அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் போடுங்க. சாக்கடையிலோ அடுப்பிலோ கொட்டாதீங்க. எங்கே ஒப்படைப்பது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

இதற்குப் பதில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கலாம். அதன் முனையில், சூட்டுக்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து விடும் சிறு துண்டு இருக்கிறது. அதைக் கணக்கிட்டு எண்ணாகக் காட்டும். 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல். அக்குளில் வைத்தால் சற்றுக் குறைவாகக் காட்டும். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு இந்த அளவு வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதிலுள்ள பட்டன் பேட்டரியைப் பிள்ளைகள் விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்க.

ஒவ்வொரு குழுவும் யார் வீட்டில் பழைய தெர்மாமீட்டர் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கணக்கெடுப்போம். குழுவுக்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கத் தீர்மானம் போடுவோம்.