மந்தச் சந்தையில் வீடு வாங்குவோர் நிலை



வீட்டுச் சந்தை மந்தமடையும் போதெல்லாம், வாங்குவோருக்கு இதுவே நல்ல தருணம் என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. தில்லியை அடுத்த நொய்டா, கிரேட்டர் நொய்டா பகுதிகளின் அனுபவமோ வேறு பாடத்தைக் கற்பிக்கிறது.

அங்கே கட்டுமான முதலாளிகள் பலர், வாங்குவோர் செலுத்திய முன்பணத்தையே மூலதனமாக்கினர். புதிய முன்பதிவுகள் வந்தவரை கட்டிடங்கள் உயர்ந்தன. விற்பனை சரிந்ததும் பணிகள் நின்றன. நடுத்தரக் குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டிற்கு வாடகையும், முடிவடையாத வீட்டிற்கு வங்கித் தவணையும் ஒருசேரச் செலுத்தின. கட்டிடத் தொழிலாளர்கள் வேலையிழந்தனர்.

ஆம்ரபாலி குழும வழக்கில், வாங்குவோரின் பணம் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டதை உச்சநீதிமன்றம் 2019 ஜூலை 23 அன்று உறுதிசெய்து, அக்குழுமத்தின் பதிவை ரத்து செய்தது. எஞ்சிய பணியை முடிக்கும் பொறுப்பு பொதுத்துறை நிறுவனமான என்.பி.சி.சி.யிடமே ஒப்படைக்கப்பட்டது.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்குமாறு பணிக்கிறது. ஆனால் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒரு திட்டத்தில் வீடு பெற்றோரில் 100 பேரோ 10 சதவீதத்தினரோ சேர்ந்தாலன்றித் திவால் சட்டத்தின் கீழ் மனுச்செய்ய இயலாது.

ஆகவே, விலை குறைந்துள்ளதா என்பதற்கு முன், செலுத்தும் பணம் எங்கே செல்கிறது என்று கேட்க வேண்டும். வாங்குவோரை அமைப்பாகத் திரட்டுவதும், அப்போராட்டத்தைப் பொது வீட்டுவசதிக் கோரிக்கையுடன் இணைப்பதும் கட்சி அணிகளின் உடனடிக் கடமையாகும்.