உழுதவன் போடும் தேர்தல் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைப் பக்கம், ஆவூர் என்று ஓர் ஊர். பெரியநாயகி மாதா கோயிலையும் அங்கே நடக்கும் ஜல்லிக்கட்டையும் சொன்னால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் இருக்கமாட்டார். வானம் பார்த்த பூமி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நெல். இல்லாவிட்டால் போர் தண்ணீரை நம்பிக் கடலையோ உளுந்தோ. ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவரைச் சிறு விவசாயி என்றும், இரண்டரை ஏக்கருக்கு உட்பட்டவரைக் குறு விவசாயி என்றும் அரசாங்கம் கணக்கு வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் அந்த இரண்டு வகையில் அடங்குகிறவர்களே அதிகம்.

அந்த ஊர் டீக்கடையில் ஒருநாள் ஒருவர், "பேசாம நாமளே எலெக்‌ஷன்ல நின்னுட்டா என்னப்பா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நாம் சிரிக்காமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று பழமொழியே இருக்கிறது. உழுதவன் தேர்தலில் நின்றால் அந்தக் கணக்கில் என்ன மிஞ்சும்?

சட்டமன்றத் தேர்தல் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் சட்டம். வயது 25 நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய்; பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 5,000. சுயேச்சையாக நிற்பவரை அதே தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் சொத்து, வழக்கு, கடன் எல்லாவற்றையும் எழுத வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனையும் மறைக்க முடியாது. தேர்தல் செலவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு. முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். காரணமில்லாமல் ஒப்படைக்காவிட்டால் மூன்று ஆண்டு நிற்க முடியாது.

இதெல்லாம் நம் விவசாயிக்கு எட்டாத உயரமா? இல்லை. ஒரு கறவை மாட்டை விற்றால் டெபாசிட் கட்டிவிடலாம். ஆனால் அந்த மாட்டுப் பணம் திரும்பி வரவேண்டுமென்றால், செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். தொகுதியில் 1,80,000 ஓட்டு விழுந்தால் 30,000-க்கு மேல். வேட்பாளர் ஒருவர் செலவு செய்யலாம் என்று சட்டம் விட்டிருக்கும் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். நம் ஆவூர்க்காரருக்கு அந்த வரம்பை மீறும் கவலை கிடையாது!

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அது நாளும் ஆளும்.

நாளைப் பாருங்கள். 2021 தேர்தலில் மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் மார்ச் 22. ஓட்டுப் பதிவு ஏப்ரல் 6. சின்னம் கைக்கு வந்ததிலிருந்து கிடைத்தது பதினைந்தே நாள். அது பங்குனி வெயில். கோடைக் கடலைக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு மோட்டார் கொட்டகையில் ஆள் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் மாட்டில் பால் கறக்க வேண்டும். காலை, மாலை இரண்டும்தான் ஓட்டுக் கேட்டுப் போகிற நேரமும். பெரிய கட்சி வேட்பாளருக்கு அந்தப் பதினைந்து நாளும் தேர்தல் வேலை மட்டுமே. இவருக்கு அது இரண்டாவது வேலை.

அடுத்து ஆள். தொகுதியில் 250 வாக்குச்சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவடிக்கு ஒரு ஏஜென்ட் என்றாலும் 250 பேர் கூலியில்லாமல் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். ஆவூரில் ஐம்பது பேர் வருவார்கள், சொந்தபந்தம் இருக்கிற பத்து ஊரில் ஊருக்கு இரண்டு பேர் வருவார்கள். மிச்ச ஊர்களுக்கு? தனியாக நிற்கும் விவசாயியின் கணக்கு இந்த இடத்தில்தான் உதைக்கிறது.

தனியாக நின்றால்தானே இந்தப் பாடு, ஆயிரம் பேர் சேர்ந்து நின்றால்? அதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சித் தொகுதியில், தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வேட்பாளர்கள் மொத்தம் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. ஓட்டுப் பதிவு தள்ளிப்போனது. கடைசியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வெற்றி பெற்றார். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. தன் ஓட்டையே தனக்குப் போட்டுக்கொள்ளாத வேட்பாளர்கள்! அவர்கள் ஜெயிக்க வந்தவர்கள் இல்லையே. வேட்பு மனுவையே கோரிக்கை மனுவாக நீட்டியவர்கள்.

நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதற்குக் கிடைத்த பதிலைக் கேளுங்கள். அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி அதை 5,000 ரூபாயாக்கினார்கள். பிறகு அது 10,000 ஆனது. பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் 1996 திருத்தத்தில் வந்ததுதான். விவசாயிகள் கேட்டது விலையும் தண்ணீரும். கிடைத்தது, அடுத்து வருகிற ஏழை வேட்பாளருக்கு இன்னும் கொஞ்சம் உயரமான வேலி.

இருபத்து மூன்று ஆண்டு கழித்துத் தெலங்கானாவில் இதே காட்சி. ஈரோட்டைப் போலவே நிஜாமாபாத்தும் மஞ்சள் விளையும் பூமி. மஞ்சளுக்கும் சிவப்புச் சோளத்துக்கும் கட்டுப்படியான விலை வேண்டும், மஞ்சள் வாரியம் வேண்டும் என்று 2019 மக்களவைத் தேர்தலில் 170-க்கும் மேற்பட்ட விவசாயிகள் அங்கே களத்தில் இறங்கினார்கள். வேட்பாளர்கள் மொத்தம் 185. ஒவ்வொரு சாவடியிலும் பன்னிரண்டு வாக்குப்பதிவு இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். விவசாயி எவரும் ஜெயிக்கவில்லை. ஆனால் அப்போதைய முதலமைச்சரின் மகளும் அத்தொகுதியின் எம்.பி.யுமான கவிதா தோற்றுப்போனார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. தோற்ற மனுக்களும் சில சமயம் விளையும் என்பதற்கு இது சாட்சி. விளைய ஆறு ஆண்டு பிடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, எளிய உழைப்பாளி ஒருவர் உண்மையிலேயே ஜெயித்துச் சட்டமன்றத்துக்குள் போனதே இல்லையா? போயிருக்கிறார்கள். தூரத்தில் தேட வேண்டாம். 2021 தேர்தலில் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கந்தர்வகோட்டைத் தனித்தொகுதியில், விவசாயத் தொழிலாளர் சங்கப் பணியிலிருந்து வந்த எம். சின்னத்துரை, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்று ஜெயித்தார். அதே தேர்தலில் திருத்துறைப்பூண்டித் தனித்தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் க. மாரிமுத்து 30,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய கூரை வீட்டைப் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் வரிசையில் போனார்கள்.

ஆனால் கூரை வீடு மட்டும் ஓட்டு வாங்கித் தந்துவிடாது. இருவருக்கும் பின்னால் ஒரு பெரிய கூட்டணி இருந்தது. அதற்கும் முன்னால், பல ஆண்டாகக் கூலி உயர்வு, நூறு நாள் வேலை, பட்டா என்று ஊர் ஊராகப் போய் வேலை செய்த சங்கங்கள் இருந்தன. நம் ஆவூர்க்காரருக்குக் கிடைக்காத அந்த 250 ஏஜென்டுகள் அவர்களுக்குத் தேர்தலுக்கு முன்பே கிடைத்திருந்தார்கள். மொடக்குறிச்சியில் ஆயிரம் பேர் வேட்பாளராக நின்றார்கள். கந்தர்வகோட்டையிலும் திருத்துறைப்பூண்டியிலும் ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் வேலை பார்த்தார்கள். முன்னதில் கோபம் பதிவானது. பின்னதில் ஆள் உள்ளே போனார்.

உள்ளே போய் என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2017-இல் நம் மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடியது நினைவிருக்கும். அத்தகைய திட்டங்கள் புதிதாக வரத் தடை போடும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி என ஐந்து ஒன்றியங்கள் சேர்க்கப்பட்டன. விராலிமலை ஒன்றியம் அந்தப் பட்டியலில் இல்லை. ஓர் ஒன்றியத்தின் பெயர் சட்டத்தில் ஏறுவதும் ஏறாமல் போவதும், 234 பேர் உட்காரும் அந்த மண்டபத்தில்தான் முடிவாகிறது.

தண்ணீரும் அப்படித்தான். மாயனூர் கட்டளைக் கதவணையிலிருந்து குண்டாறு வரை 262 கிலோமீட்டர் கால்வாய் வெட்டும் காவிரி - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு, 2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலைப் பக்கத்துக் குன்னத்தூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். திட்ட மதிப்பு 14,400 கோடி ரூபாய். எந்த ஆண்டு எத்தனை கிலோமீட்டர், எந்தக் கண்மாய்க்கு எந்தக் கிளை வாய்க்கால் என்று நிதிநிலை அறிக்கை விவாதத்தில் விடாமல் கேட்பதற்கு, வறண்ட கண்மாயின் கரையில் நின்று பழகிய ஒருவர் வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. பிரமாணப் பத்திரங்களைப் புரட்டினால், தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதிய வேட்பாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஏரும் கதிரும் சின்னமாக வந்துபோன நாடு இது. ஒருகாலத்தில் காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளைதான் சின்னம். ஆகவே "நானும் விவசாயிதான்" என்று யார் வந்தாலும், பத்திரத்தில் நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அது யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடைக்கிறது.

ஆவூர் டீக்கடைக்குத் திரும்புவோம். "நாமளே நின்னுட்டா என்ன?" என்று கேட்டவரிடம் நான் சொல்வது இதுதான். தாராளமாக நில்லுங்கள். ஆனால் மனுத் தாக்கல் நாளில் தொடங்காதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில், கண்மாய்ப் பாசன சங்கத்தில், கிராம சபையில் தொடங்குங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐந்து ஆண்டில் முப்பது கூட்டம். பதினைந்து நாள் பிரசாரத்தில் சேராத ஆள், இந்த முப்பது கூட்டத்தில் சேரும்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். வரத்து வாய்க்கால் தூர்வாரும் தீர்மானத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே துணிந்து எழுந்து கேள்வி கேட்கிற சின்ன விவசாயி ஒருவர் இருந்தால், அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.