கொடும்பாளூரில் இறங்குங்கள்

திருச்சியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகிறவர்களில் பாதிப் பேர் விராலிமலை தாண்டியதும் கண்ணயர்ந்துவிடுவார்கள். கொடும்பாளூர் வருவதும் போவதும் தெரியாது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வானதியின் ஊர் என்றால் உடனே புரியும். ஊரை நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு.

இந்த வழி புதிதல்ல. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடக்கையில், கொடும்பை நெடுங்குளத்தருகே பாதை மூன்றாகப் பிரியும் என்று ஒரு மறையவர் சொல்வதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. கொடும்பை என்பது இந்த ஊர்தான். அடியார்களுக்காகத் தம் நெற்களஞ்சியத்தையே திறந்துவிட்ட இடங்கழி நாயனாரும் இவ்வூர்க்காரரே.

நான் சொல்ல வந்தது மூவர் கோவிலைப் பற்றி. கட்டியவர் இவ்வூரை ஆண்ட இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி. தாயார் அனுபமா, சோழ இளவரசி. தம் பெயரில் ஒன்று, கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரில் ஒவ்வொன்று என மூன்று விமானங்களை ஒரே வரிசையில், மேற்கு நோக்கி எழுப்பினார். இதைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு நடு விமானத்துச் சுவரில் இருக்கிறது. காளாமுகம் என்ற சைவப் பிரிவின் ஆசாரியர் மல்லிகார்ச்சுனருக்குப் பெரிய மடம் அளித்ததும், ஐம்பது துறவிகளின் உணவுக்குப் பதினொரு ஊர்களை விட்டதும் அதிலேயே உண்டு. ஆண்டு மட்டும் இல்லை. அதனால் ஒன்பதாம் நூற்றாண்டா பத்தாம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். எந்த நூற்றாண்டாயினும், மனைவியர் பெயரைத் தம் பெயருக்குச் சமமாக நிறுத்திய அரசர்கள் எத்தனை பேர்?

மூன்றில் இரண்டுதான் இன்று நிற்கின்றன. வடக்கே அடித்தளம் மட்டும். சுற்றிலும் இருந்த சிறு கோயில்களுக்கும் அதே கதி. மிஞ்சிய இரண்டைச் சுற்றி வந்தாலே போதும். உமையொருபாகன், கங்கையைத் தாங்கியவர், வீணை ஏந்திய தென்முகக் கடவுள்... கருங்கல்லில் இவ்வளவு குழைவா என்று கேட்கத் தோன்றும். தஞ்சைப் பெரிய கோவில் உயரத்தால் மலைக்க வைக்கிறது. இங்கே உருவங்கள் கண்மட்டத்துக்குச் சற்று மேலே நின்று நம்மோடு பேசுகின்றன. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

பக்கத்திலேயே முசுகுந்தேசுவரர் கோயில். சற்றுத் தள்ளி, இடிந்த ஐவர் கோயிலும் ஒற்றைக்கல் நந்தியும்.

அடுத்த முறை மதுரைக்குப் போகையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பிற்பகலானால் இன்னும் நல்லது. விமானங்கள் மேற்கு பார்த்தவை. முகப்பில் வெயில் நேராக விழும். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள், சுவரில் பெயர் கிறுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.