ஹாங்காங் சுரங்க இரயில்: விற்பவரும் ஆள்பவரும்



ஒரு நகரத்தில் இரயில்பாதை அமைக்கப்படும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி, மக்கள் எங்கிருந்து எங்கே செல்ல வேண்டியிருக்கிறது என்பதே. காலனி நகரத்திலோ அதனை முந்திக்கொண்டு வேறொரு கேள்வி எழுகிறது: எந்த நாட்டுத் தொழிற்சாலைக்கு இந்த வேலை போய்ச் சேரும்? பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஹாங்காங்கின் சுரங்க இரயில் திட்டம் இதற்குச் சான்றாகும்.

1966 ஏப்ரலில் ஹாங்காங்கில் ஸ்டார் ஃபெரி படகின் முதல் வகுப்புக் கட்டணத்தை 5 சென்ட் உயர்த்தும் முடிவு கவுலூன் வீதிகளைக் கொந்தளிக்கச் செய்தது. 1953 ஜூலையில் பிரிட்டிஷ் டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியபோது கல்கத்தா கிளர்ந்தெழுந்ததை இந்திய உழைக்கும் மக்கள் அறிவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கல்கத்தா மக்களின் குரலை எதிரொலிக்கச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி இருந்தது. ஹாங்காங் சட்டசபையிலோ 1985 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. ஆகவே, சுரங்க இரயிலுக்குப் பணம் தரப்போகும் மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

1967இல் வெளிவந்த போக்குவரத்து ஆய்வைத் தயாரித்த குழுவில் லண்டனின் ஃப்ரீமன் ஃபாக்ஸ் நிறுவனம் இருந்தது. இரயில் வேண்டும் என்று அந்த ஆய்வு பரிந்துரைத்தது. பின்னர் திட்டத்தின் முதன்மைப் பொறியியல் ஆலோசகராக வந்ததும் அதே நிறுவனமே. அறிவுரை கூறியவரே அறிவுரையின் பயனையும் பெற்றார்.

பிரிட்டிஷ் தொழில்துறை தேக்கத்தில் தவித்த காலம் அது. ஒப்பந்தம் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கே கிட்ட வேண்டும் என்று லண்டன் அரசு காலனி நிர்வாகத்தை நெருக்கியது. எனினும் காலனி நிர்வாகத்திற்குத் தன் கருவூலத்தைப் பற்றிய கவலை இருந்தது. உறுதியான விலைக்குக் கட்டித்தர முன்வந்த ஜப்பானியக் கூட்டமைப்பையே அது 1974இல் தேர்ந்தெடுத்தது. ஆளும் நாட்டின் நலனும் ஆளப்படும் நகரத்தின் நலனும் ஒன்றல்ல என்பதை அந்த நிர்வாகமே இவ்விதம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

எண்ணெய் நெருக்கடியும் விலைவாசி உயர்வும் அந்த ஏற்பாட்டைக் குலைத்தன. 1975 ஜனவரியில் ஜப்பானியர் விலகினர். 20 கிலோமீட்டர் திட்டம் 15.6 கிலோமீட்டராகச் சுருங்கியது. ஒற்றை ஒப்பந்தம் பல துண்டுகளாயிற்று. சுரங்கம் தோண்டும் பணியில் பல நாட்டு நிறுவனங்கள் பங்கு பெற்றன. இரயில் பெட்டிகளோ பர்மிங்காமின் மெட்ரோ-கேமல் ஆலைக்குச் சென்றன. ஏற்றுமதிக் கடனின் தன்மையும் இங்கே கவனிக்கத்தக்கது: விற்பவரின் நாடே கடனுக்குப் பொறுப்பேற்கும், அந்தப் பணம் அந்நாட்டு ஆலைக்கே திரும்பும், அசலையும் வட்டியையும் வாங்கியவர் செலுத்துவார். 1979 அக்டோபர் 1 அன்று வண்டி ஓடத் தொடங்கியது. முதற்கட்டத் திட்டத்தின் செலவு 580 கோடி ஹாங்காங் டாலர்.

இந்த நெருக்குதல்கள் யாவும் பிரிட்டிஷ் தொழிலாளியின் வேலையைக் காப்பதற்கே என்று கூறப்படுவதுண்டு. பிற்காலத்தில் பன்னாட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிய அந்த பர்மிங்காம் ஆலை 2005இல் மூடப்பட்டது. தொழிலாளியின் பெயரால் பெற்ற ஆதாயம் தொழிலாளியிடம் தங்கவில்லை.

மற்றொரு ஆதாயம் நிலத்தில் விளைந்தது. சென்ட்ரல், அட்மிரால்டி நிலையங்களுக்கு மேலே கட்டடம் எழுப்பும் உரிமையை 1977இல் லீ கா-ஷிங்கின் சியுங் காங் நிறுவனம் வென்றது. தோற்றவர்களுள் பழைய பிரிட்டிஷ் நிலமுதலையான ஹாங்காங் லேண்ட் நிறுவனமும் ஒன்று. முதலாளிகள் மாறினர், நிலத்தின் மதிப்பை உயர்த்திய பயணி கட்டணம் செலுத்துபவராகவே எஞ்சினார்.

இரயில் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. நெரிசலில் நசுங்கிய நகரத்திற்கு அது தேவைப்பட்டது. இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் அதில் பயணம் செய்தனர். கணக்கு மக்கள்முன் வைக்கப்பட்டதா என்பதே கேள்வி.

காலனி ஆட்சி போன பின்னும் அக்கேள்வி போய்விடவில்லை. ஐதராபாத் மெட்ரோவுக்காக 296 ஏக்கர் அரசு நிலத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை, 2008இல் டெல்லி மெட்ரோவின் தலைவரான ஸ்ரீதரனே திட்டக்குழுவுக்கு எழுதி எதிர்த்தார். அந்த ஒப்பந்தம் மறு ஆண்டே முறிந்தது. ஹாங்காங் மக்களுக்கு அன்று சட்டசபைக்கு வாக்குரிமை இருக்கவில்லை. இந்திய மக்களுக்கு உண்டு. ஒப்பந்தத்தையும் கடன் நிபந்தனையையும் நிலக்கணக்கையும் பொதுவில் வைக்கச் செய்யும் போராட்டமே அந்த உரிமையைப் பொருளுள்ளதாக்கும்.